எழுத்து மட்டும் வந்த வாரம்

என் மனைவி இதெல்சா தப்பே செய்யாதவள். இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். இருபத்தெட்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் நடந்த தப்புகளில் பாதியை நான் செய்தேன், மீதியை மின்வெட்டு செய்தது.

எங்கள் ஊர் கபைகுவானுக்கு வெளியே சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் அவள் அங்கே கணிப்பொறிப் பிரிவில் இருந்தாள். அப்போதெல்லாம் திரையில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மினுங்கும். எது வேண்டுமானாலும் கட்டளையாகத் தட்டித்தான் கேட்க வேண்டும். பிறகு ஆலையை மூடினார்கள். இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதெல்சா அந்தக் கட்டளைகளோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நாள் அவற்றை என்மேல் பயன்படுத்திப் பார்த்தாள். நல்லவேளையாகப் பொட்டலம் வந்தது.

பொட்டலம் என்று நாங்கள் சொல்வது ஒரு ஹார்ட் டிஸ்க்கை. திங்கட்கிழமைதோறும் காலையில் ஹவானா பஸ்ஸில் வரும். இன்டர்நெட்டில் பார்க்க வேண்டியதையெல்லாம் யாரோ எங்கேயோ உட்கார்ந்து இறக்கி அதில் அடைத்து அனுப்புவார்கள். படம், தொடர், பாட்டு, பத்திரிகை, சமையல் குறிப்பு, பேஸ்பால் ஆட்டம், எல்லாம் இருக்கும். எங்கள் ஊருக்கான டிஸ்க் எங்கள் வீட்டில்தான் இறங்கும். செவ்வாய் மாலை அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடும். அதற்குள் ஊரே பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நிற்கும்.

மற்ற ஊர்களில் மவுஸால் இழுத்து இழுத்துப் போடுவார்கள். இதெல்சாவுக்கு அது பிடிக்காது.

"இழுத்துப் போடறதுக்கு அது என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்பாள்.

அவள் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டுவாள். எங்கேயிருந்து, எங்கே, எந்த வகைக் கோப்பு. அவ்வளவுதான். பொட்டலத்துக்குள் ஒரு ஃபோல்டர் திறந்தால் இன்னொன்று, அதற்குள் ஒன்று, அதற்குள் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். 'தொடர்கள்' என்பதற்குள் 'துருக்கி', அதற்குள் 'நடப்பு', அதற்குள் 'மூன்றாம் பருவம்'. அவள் எழுதிய வரி அத்தனை அறைக்குள்ளும் புகுந்து, கேட்ட வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த அறைகளின் அமைப்பையும் அப்படியே மறுபக்கத்தில் கட்டிவிடும். பாட்டு மட்டும் கேட்டவருக்குப் பாட்டு, படம் மட்டும் கேட்டவருக்குப் படம். பதினொரு வருஷமாக ஒருவர்கூட ஒரு கோப்பு குறைகிறது என்று சொன்னதில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் பழுதுபார்க்கும் ஹசின்தோ வந்தார். செவ்வாய் பஸ் ஓடாததால் அந்த வார டிஸ்க் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தது. ஹசின்தோவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. யாரோ கொடுத்த படங்களில் சப்டைட்டில் இல்லை, கீழே ஓடும் எழுத்து மட்டும் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இதெல்சா தன் வழக்கமான வரியை எடுத்து, படம், பாட்டு எல்லா வகையையும் அழித்துவிட்டு, சப்டைட்டில் கோப்பின் பெயருக்குக் கடைசியில் வரும் மூன்று எழுத்தை மட்டும் விட்டு, தட்டினாள். ஹசின்தோ சந்தோஷமாகப் போனார்.

மறுநாள் திங்கள். வாசலில் நாற்பத்து மூன்று பேர். இதெல்சா உட்கார்ந்தாள். பழைய வரியைத் திரும்பக் கூப்பிட விசைப்பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் போதும். தட்டினாள். என்டரை அழுத்தினாள். வழக்கமாக இருபது நிமிஷம் ஓடுவது மூன்று நொடியில் முடிந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் நான் சியென்ஃபுவேகோஸில் கப்பல்காரன் ஒருவனிடமிருந்து டிஸ்க்கைக் கணிப்பொறியோடு இணைக்க ஒரு நீலக் கேபிள் வாங்கி வந்திருந்தேன். எட்டு நாள் அதைப் பற்றி அவளிடம் திட்டு வாங்கியிருந்தேன்.

"ஒனேலியோ, கேபிள்னா இதுதான்யா கேபிள்!" என்றாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டிய தருணங்களை எண்ண ஒரு கை அதிகம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் போய் நின்றேன். வேகத்தைப் பார்த்த மிதப்பில் இதெல்சா ஆளுக்கொரு வரி மாற்றவும் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் என்று அறிவித்துவிட்டாள். பென்டிரைவைத் திறந்து பார்த்தவர்களுக்கு எல்லா ஃபோல்டரும் பெயரோடு வரிசையாகத் தெரிந்தது. சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்கு ஆரம்பித்த வேலை பத்தேகால் மணிக்கு முடிந்துவிட்டது.

கடைசியாக வந்தவர் எவாரிஸ்தோ. நான் சுருட்டு சுற்றும் தொழிற்சாலையில் அவர் வாசகர்; திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. எண்பது பேர் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து இலையைச் சுற்றிக்கொண்டிருக்க, மேடையில் மைக் முன்னால் அமர்ந்து காலையில் பத்திரிகையும் மதியம் நாவலும் வாசிப்பது அவர் வேலை. எந்த நாவல் என்பதை நாங்கள் கை தூக்கி முடிவு செய்வோம். ஒரு தடிமனான ரஷ்ய நாவலை எங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆறு வருஷமாக ஒவ்வொரு தேர்தலிலும் அதை முன்மொழிவார். ஒவ்வொரு தேர்தலிலும் அது தோற்கும். இந்த முறை ஒரு துப்பறியும் கதை ஜெயித்திருந்தது.

"இதெல்சா அம்மா, எனக்கு அந்தக் கொலைக் கதையும் இந்த வாரப் பத்திரிகையும் போதும்," என்றார்.

"எல்லாமே போட்டிருக்கேன், எவாரிஸ்தோ. வேண்டாததை நீங்களே அழிச்சுக்குங்க."

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மின்சாரம் போயிற்று. மறுநாள் காலைவரை வரவில்லை. அதனால் ஊரில் ஒருவரும் எதையும் திறந்து பார்க்கவில்லை.

செவ்வாய் காலை நான் பெஞ்சில் உட்கார்ந்து முதல் சுருட்டுக்கு இலை விரித்துக்கொண்டிருந்தேன். டீசல் இல்லாமல் பத்திரிகை வண்டி வரவில்லை என்றார்கள். முன்வரிசையிலிருந்து நெரெய்தா குரல் கொடுத்தாள்.

"பத்திரிகை கிடக்கட்டும் எவாரிஸ்தோ! கொலையை ஆரம்பிங்க!"

நெரெய்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களில் வேகமான கை அவளுடையது. அவள் கணவன் வில்மெர் மூன்று வருஷத்துக்கு முன்னால், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு வடக்கே விமானம் ஏறினான். போய்ச் சேர்ந்துவிட்டான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவளிடம் யாரும் பேச மாட்டோம்.

எவாரிஸ்தோ பென்டிரைவைத் தன் டேப்லெட்டில் செருகினார். ஒரு ஃபோல்டரைத் திறந்தார். இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. அவர் நெற்றி சுருங்கியது. நாவல் ஃபோல்டர் காலி. பத்திரிகை ஃபோல்டர் காலி. அவர் மெல்ல நிமிர்ந்து, எண்பது பேர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த இலை கிழிந்தது.

எங்கள் கூடத்தில் வாசகர் வாயைத் திறக்காமல் இரண்டு நிமிஷம் இருந்தால் கத்தியைத் தரையில் போட ஆரம்பிப்பார்கள். இலை வெட்டும் பிறைக் கத்தி எல்லாரிடமும் உண்டு. வாசிப்பு பிடித்தால் பலகையில் தட்டுவோம், பிடிக்காவிட்டால் தரையில் போடுவோம். எங்கோ ஒரு கத்தி விழுந்தது. எவாரிஸ்தோ கைக்கு அகப்பட்ட ஒரு கோப்பைத் திறந்து, தொண்டையைச் செருமி, வாசித்தார்.

"ஒன்று. பூஜ்யம் பூஜ்யம், பூஜ்யம் பூஜ்யம், பன்னிரண்டு. மழைச் சத்தம்."

கூடத்தில் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள்.

"இரண்டு. பூஜ்யம் பூஜ்யம், பூஜ்யம் பூஜ்யம், பத்தொன்பது. 'நீ ஏன் இங்க வந்தே?' மூன்று. பூஜ்யம் பூஜ்யம், பூஜ்யம்..."

"நம்பரெல்லாம் எதுக்கு வாசிக்கிறீங்க? லாட்டரியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

எவாரிஸ்தோ நம்பரை விட்டார். "'நான் வரல, நீதான் கூப்பிட்டே.' பெருமூச்சு. 'என் பேர் நிலுஃபெர். உன் மனைவி இல்ல.' கண்ணாடி உடையும் சத்தம்."

"ஐயோ, இது துருக்கிக்காரி!" என்றாள் நெரெய்தா. "புதுப் பருவம்! இன்னும் டிவியிலேயே வரலியே!"

அந்தத் தொடரின் முதல் இரண்டு பருவமும் ஊருக்கே மனப்பாடம். நிலுஃபெர் ஒரு மீன் வியாபாரியின் மகள். கணவன் ஜெவ்தெத் அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு ஜெர்மனிக்குப் போய்விட்டான். அந்த இடத்தில் இரண்டாம் பருவம் முடிந்திருந்தது. எவாரிஸ்தோவுக்கு அதெல்லாம் தெரியாது. அவர் தொடர் பார்க்க மாட்டார், ரஷ்யர்களை வாசிப்பவர். ஆனால் குரல் நல்ல குரல். நிலுஃபெருக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல், டாக்டருக்கு ஒரு குரல் என்று அவரே பிரித்துக்கொண்டார். 'சோக இசை' என்பதை அவர் சொன்ன விதத்தில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

பிரச்சினை என்னவென்றால், சப்டைட்டிலில் பேச்சு இருக்கும், யார் பேசுகிறார்கள் என்பது இருக்காது. இருபதாம் நிமிஷத்தில் ஒரு வரி வந்தது: 'இந்தக் குழந்தை ஜெவ்தெத்தோடது இல்ல.' எவாரிஸ்தோ அதை மாமியார் குரலில் வாசித்தார்.

"டாக்டர்தான் சொல்லியிருப்பாரு!" என்று இடது பக்கம் எழுந்தது.

"மாமியாருக்குத் தெரியாதா? வீட்டுல இருக்கறவளுக்குத்தான் தெரியும்!" என்று வலது பக்கம்.

சாப்பாட்டு இடைவேளைவரை சண்டை ஓயவில்லை. ஆனாலும் அன்று காலை நாங்கள் சுற்றிய சுருட்டு வழக்கத்தைவிட அதிகம் என்று மேற்பார்வையாளர் குறித்து வைத்தார். இடைவேளைக்கு மணி அடித்தபோது எண்பது கத்தியும் பலகையில் தட்டின. எவாரிஸ்தோவுக்கு அப்படி ஒரு தட்டு வாழ்நாளில் கிடைத்ததில்லை. அவர் எழுந்து நின்று தலை குனிந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை என்று எனக்குப் பட்டது.

மதியம் நான் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பெரிய கூட்டம். கரண்ட் வந்திருந்தது.

"படத்தைக் காணோம், பாட்டைக் காணோம், வெறும் எழுத்து இருக்கு! எங்க அம்மாவுக்கு எழுத்து கண்ணுக்கே தெரியாது!"

"என் பையன் ஆட்டம் பாக்கணும்னு காலைலேருந்து அழறான்!"

இதெல்சா நாற்காலியை விட்டு எழவே இல்லை. "ஹவானாவுலேருந்தே அப்படித்தான் வந்துது," என்றாள். "நான் என்ன பண்ண? பேசிட்டேன், சரி பண்ணிட்டாங்க. ஒவ்வொருத்தரா வாங்க."

கூட்டம் ஹவானாவைத் திட்டிக்கொண்டே வரிசையில் நின்றது. ஹவானாவைத் திட்டுவதில் எங்கள் மாகாணத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. நான் உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வரி அப்படியே இருந்தது.

"இதெல்சா," என்றேன் மெதுவாக. "இதுல எழுத்து வகை மட்டும்தானே இருக்கு?"

"கேபிள் கோளாறு," என்றாள். "எட்டு நாளா சொல்றேன், அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுன்னு."

எனக்குக் கிடைத்த பாராட்டு ஒன்றேகால் நாள் உயிரோடு இருந்தது.

புதன்கிழமை தொழிற்சாலையில் தேர்தல் வைத்தார்கள். துப்பறியும் கதையா, துருக்கிக்காரியின் எழுத்தா? எழுபத்தொன்றுக்கு ஒன்பது. அன்று மாலை எவாரிஸ்தோ எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இனிமே வாராவாரம் எனக்கு... அந்த வெறும் எழுத்து மட்டும் வேணும்."

"அது தப்பா வந்ததுங்க, எவாரிஸ்தோ."

"அந்தத் தப்பையே போட்டுடுங்க."

இதெல்சா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் மேல் அம்புக்குறியைத் தட்டினாள்.

வாரம் ஒரு எபிசோடு வந்தது. திங்கள் மாலை எவாரிஸ்தோவுக்கு எழுத்து போகும். செவ்வாய் காலை எண்பது பேருக்குக் கதை போகும். அவர்கள் மதியம் வீட்டுக்குப் போனால் தெருவுக்கே போகும். பிறகுதான், செவ்வாய் மதியம், எங்கள் வாசலில் மற்றவர்களுக்குத் தொடரின் எழுத்தும் படமும். கரண்ட் இருக்கும் நேரத்தில் அரையும் குறையுமாகப் படத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் திருப்தி இல்லை.

"அந்தப் பொண்ணுக்குக் குரலே சரியில்ல. எவாரிஸ்தோ அழுதா அழற மாதிரி இருக்கும், இவ அழுதா ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றாள் நெரெய்தா.

குழந்தை விவகாரத்தில் உண்மையும் தெரிந்தது. அந்த வரியைச் சொன்னவர் மாமியாரும் இல்லை, டாக்டரும் இல்லை, வீட்டுக் கார் டிரைவர். இரண்டு கட்சியும் ஒற்றுமையாக அதை நிராகரித்தன. டிரைவருக்கு என்ன தெரியும்?

ஒரு மாதத்தில் எங்கள் வாசலில் பாதிப் பேர் எழுத்து மட்டும் கேட்டார்கள். பென்டிரைவில் இடம் அடைக்காது, போனிலேயே வாசிக்கலாம், கரண்ட் போனாலும் கவலை இல்லை. வீட்டில் யார் நல்லா வாசிப்பார்களோ அவர்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இதெல்சாவின் பெயர் பக்கத்து ஊர்வரைக்கும் போயிற்று. தொழிற்சாலை ஆண்டு விழாவில் அவளை மேடையில் ஏற்றி, புதிய முறையில் வாசிப்பைப் பரப்பியதற்காக என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று நிர்வாகி மைக்கில் கேட்டார்.

"வேலை பண்ணிட்டிருக்கும்போது தோணுச்சு," என்றாள் இதெல்சா.

வீட்டுக்கு வந்ததும் சான்றிதழை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தாள்.

"பதினொரு வருஷம், ஒனேலியோ. ஒரு ஃபைல் விடாம காப்பி பண்ணியிருக்கேன். எவனாவது வந்து கையைக் குலுக்கினானா? ஒருநாள்... அந்தக் கேபிள் கோளாறு வந்தது, சான்றிதழ் தர்றான்."

கேபிளுக்காக எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பதினாறாவது வாரம் கடைசி எபிசோடு வந்தது. பதினைந்தாவது முடியும்போது ஜெர்மனியிலிருந்து ஒரு ரயில் வந்து நின்றிருந்தது. யார் இறங்கினார்கள் என்று சொல்லாமல் விட்டிருந்தார்கள். ஜெவ்தெத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க கூடத்தில் யாரும் நெரெய்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. செவ்வாய் காலை எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

எவாரிஸ்தோ பதினாறைத் திறந்தார். எப்போதும்போல முதல் வரியை வாசிக்க வாயெடுத்து நிறுத்தினார். விரலால் கீழே தள்ளினார், இன்னும் கீழே, இன்னும் கீழே. பக்கத்திலிருந்த தண்ணீரை முழுவதும் குடித்தார். முன்வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு டேப்லெட்டைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மழைச் சத்தம். கதவு தட்டும் சத்தம். 'யாரு?' 'நான்தான்.' 'எந்த நான்?' மழைச் சத்தம். 'நான் வந்துட்டேன், நிலுஃபெர். பெட்டியோட வந்துட்டேன்.'"

ஒரு கையும் அசையவில்லை. எண்பது பேர் மடியில் இலை அப்படியே கிடந்தது.

"'நீ போன அன்னிக்கு அடுப்புல காபி வெச்சிருந்தேன், ரெண்டு பேருக்கு. மறுநாளும் ரெண்டு பேருக்கு வெச்சேன். பழக்கம். எட்டு மாசம் அந்த ரெண்டாவது கோப்பையைத் தொட்டியில ஊத்தினேன். ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டினேன், அப்புறம் என்னைத் திட்டினேன். அப்புறம் ஒருநாள் கை தானா ஒருத்திக்கு மட்டும் அளந்துது. அன்னிக்குக் குடிச்ச மாதிரி ருசியான காபி நான் குடிச்சதே இல்ல.' மௌனம். 'நிலுஃபெர், மழைல நனையறேன்.' 'தெரியுது.' 'உள்ள வரலாமா?' 'பஸ் ஸ்டாண்டுல கூரை இருக்கு, ஜெவ்தெத்.' கதவு மூடும் சத்தம்." எவாரிஸ்தோ கொஞ்சம் தாமதித்தார். "இசை இல்லை."

டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

முதல் தட்டு முன்வரிசையிலிருந்து வந்தது. நெரெய்தா ஒரே ஒரு முறை, பலகை பிளந்துவிடும்போல, தட்டினாள். அடுத்தது எங்கள் எல்லாருடையதும். மேற்பார்வையாளர்கூடப் பேனாவால் மேஜையைத் தட்டினார். பக்கத்துப் பெஞ்சுக்காரன் அழுதான். அவன் மனைவி எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள்.

மதியம் வீட்டுக்குப் போய் இதெல்சாவிடம் வரி விடாமல் சொன்னேன். அவள் வாசல் கூட்டத்துக்கு நகல் எடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"காபியா?" என்றாள்.

"ஆமா, ரெண்டு கோப்பை..."

"பதினஞ்சு எபிசோடுல அவ ஒருநாளும் காபி குடிச்சதில்லையே. அந்தக் குடும்பமே சின்ன கிளாஸ்ல டீதான் குடிக்கும்."

பதினாறாவது எழுத்துக் கோப்பைத் திறந்தாள். பெயர் சரியாக இருந்தது. உள்ளே முதல் வரி: 'ராணித் தேனீ ஒரு நாளைக்கு இரண்டாயிரம் முட்டை இடும்.' அதற்குக் கீழே எண்ணூறு வரி தேனீ வளர்ப்பு. யாரோ எங்கேயோ பெயரை மாற்றி ஒட்டியிருந்தார்கள். நிஜமாகவே இந்த முறை தப்பு ஹவானாவுடையது.

இதெல்சா படத்தைப் போட்டாள். கடைசிப் பத்து நிமிஷம். துருக்கி மொழி எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஜெவ்தெத் பெட்டியோடு வந்தான். நிலுஃபெர் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். கால் மணி நேரம் அழவேண்டியதை மூன்று நிமிஷத்தில் அழுதாள். மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கடலுக்கு மேல் வாணவேடிக்கை. மாமியார் தேநீர் கொடுத்தாள்.

இதெல்சா படத்தை நிறுத்தினாள். வெளியே முப்பது பேர் நின்றிருந்தார்கள். நெரெய்தாவின் குரலும் கேட்டது.

"என்ன பண்ணப் போற?" என்றேன்.

அவள் வழக்கமான வரியைக் கூப்பிட்டாள். படம், பாட்டு, பத்திரிகை, எழுத்து, எல்லா வகையும் ஒழுங்காக இருந்தன. வரியின் கடைசிக்குப் போய், இதைத் தவிர என்ற கட்டளையைச் சேர்த்து, பதினாறாவது எபிசோட்டின் பெயரைத் தட்டினாள். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். என்டரை அழுத்தினாள்.

"ஹவானாவுல விட்டுட்டாங்கன்னு சொல்லிடறேன்," என்று நான் வாசலுக்குக் கிளம்பினேன்.

"வேண்டாம்யா. ஹவானான்னா யாராவது அங்க இருக்கற சொந்தக்காரனுக்குப் போன் போட்டுக் கேப்பாங்க. நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலம் டிஸ்க் பஸ் ஏறியது. புதன் காலை கூட்டம் வந்தது. பதினைந்துவரை இருக்கிறது, பதினாறைக் காணோம். இதெல்சா நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"ஆமா, காப்பி பண்ணும்போது விட்டுப் போச்சு. தப்பு என்னோடதுதான். டிஸ்க்கும் போயிடுச்சு."

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒருமுறை வந்ததும் முப்பது தடவை வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"வயசாயிடுச்சு இதெல்சாவுக்கு," என்று சொல்லிக்கொண்டே போனார்கள். "கண்ணாடி போட்டுக்கோ, அக்கா." "சான்றிதழ் வாங்கினதுலேருந்து வேலைல கவனம் இல்ல." எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள்.

மத்தியானம் எவாரிஸ்தோ வந்தார். தொப்பி கையில்.

"அம்மா, அந்தப் பதினாறாவது..."

"தேனீயை நானும் படிச்சேன்," என்றாள் இதெல்சா.

அவர் காதுவரை சிவந்துவிட்டது. "திட்டம் போட்டுப் பண்ணலம்மா. எண்பது பேர் பாத்துட்டிருக்காங்க. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். முன்னால உக்காந்திருந்த முகத்தைப் பாத்ததும்..."

"காபி தப்பு. அவங்க டீ குடிக்கறவங்க."

"அப்படியா? எனக்கு எப்படித் தெரியும், நான் பாக்கறதில்லையே."

"மத்தபடி நல்லா இருந்துச்சாம். ஒனேலியோ சொன்னான்." பிறகு என்ன நினைத்தாளோ, "உக்காருங்க, காபி வெக்கிறேன்," என்றாள்.

அடுத்த வாரம் தேர்தல். எவாரிஸ்தோ புதுத் தைரியத்தோடு மறுபடியும் அந்த ரஷ்ய நாவலை முன்மொழிந்தார். கூடமே அவர்மேல் உயிராக இருந்தது. எழுபத்தெட்டுக்கு இரண்டு என்று ஒரு கொரியத் தொடரின் சப்டைட்டில் ஜெயித்தது. ரஷ்யனுக்கு விழுந்த இரண்டில் ஒன்று என்னுடையது. மற்றது முன்வரிசையிலிருந்து விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து நெரெய்தா சாந்தா கிளாராவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை பென்டிரைவோடு எங்கள் வாசலில் நின்றாள்.

"என் தங்கச்சி வீட்டுல அந்தப் பதினாறாவது எபிசோடு இருந்துச்சு, அக்கா. போட்டுப் பாத்தேன்."

இதெல்சாவின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. "சரி."

"அவ அவனைக் கட்டிக்கிறா. வாணவேடிக்கை எல்லாம் விடறாங்க." நெரெய்தா சிரித்தாள். "தங்கச்சி பாவம், அதைப் பாத்து அழுதுட்டு உக்காந்திருக்கா. நான் சொன்னேன், உங்க ஊருல பொட்டலம் போடறவன் உங்களை ஏமாத்திட்டான்டி, மட்டமான காப்பி குடுத்திருக்கான். எங்க ஊருல வந்ததுதான் ஒரிஜினல்ன்னு. காபியெல்லாம் முழுசாச் சொல்லிக் காட்டினேன், ஒரு வார்த்தை விடாம."

"என்ன சொன்னா?"

"மறுபடி சொல்லுன்னா. மூணு தடவை சொல்ல வெச்சா." நெரெய்தா பென்டிரைவை நீட்டினாள். "இந்த வாரம் என்ன வந்திருக்கு?"

இதெல்சா அதை வாங்கிச் செருகினாள். வரியைத் தட்டி, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, ஓடவிட்டாள்.